பழைய இசைத்தட்டும் புதிய கலவையும்

முன்னோர் இயற்றிய நூலையோ, ஓவியத்தையோ, இசையையோ பின்வந்தோர் கையாளும்பொழுது, அதனை உள்ளவாறே போற்றி வைத்தல் தகுமா, அன்றித் தம் காலத்தார்க்கு ஏற்பச் செப்பஞ்செய்து வழங்குதல் தகுமா என்னும் வினா எக்காலத்தும் எழுவதொன்றாம். அவ்வினா இந்நாளில் மேனாட்டு ராக் இசையுலகில் மிகுதியும் பேசப்படுகின்றது. 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் வெளிவந்து புகழ்பெற்ற இசைத்தட்டுகள் பல, அண்மை ஆண்டுகளில் மீண்டும் கலக்கப்பெற்று, 'ரீமிக்ஸ்' என்னும் பெயரோடு புத்துருவில் வெளியிடப்படுகின்றன. இதனை மகிழ்ந்து ஏற்பாரும் உளர். முகஞ்சுளித்து ஒதுக்குவாரும் உளர். நம் கல்லூரி மாணவருள் மேனாட்டு இசையில் ஈடுபாடுடையார் பலர் ஆதலின், இப்பொருள் பற்றி நம் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம். பொதுப்படப் பேசுவதினும் ஒன்றை எடுத்துக்காட்டி ஆராய்வதே பயன் தரும். ஆகவே, 'கிங் கிரிம்ஸன்' என்னும் ஆங்கிலக் குழுவினர் 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் வெளியிட்ட முதல் இசைத்தட்டாகிய 'இன் த கோர்ட் ஆவ் த கிரிம்ஸன் கிங்' என்பதனை நாம் எடுத்துக்கொள்கின்றோம். 'செந்நிற வேந்தனின் அவையில்' என்பது அத்தலைப்பின் பொருளாகும்.

'ரீமிக்ஸ்' என்னும் சொல் நம் நாட்டில் வேறு பொருளில் வழங்கி வருதலின், முதற்கண் அதனைத் தெளிவாக்குதல் வேண்டும். 1970-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சொர்க்கம்' என்னும் படத்திற்கு எம். எஸ். விசுவநாதன் இசையமைத்த 'பொன்மகள் வந்தாள்' என்னும் பாடலை, 2007-ஆம் ஆண்டில் 'அழகிய தமிழ் மகன்' என்னும் படத்திற்காக ஏ. ஆர். ரகுமான் புதியதோர் அமைப்பில் வழங்கினார். இத்தகையவற்றையே நம்மவர் ரீமிக்ஸ் என்பர். நாம் ஈண்டுப் பேசப்புகுவது அதுவன்று. இங்கே புதிதாக ஒருவர் பாடுவதுமில்லை; புதிதாக ஒரு வாத்தியம் சேர்வதுமில்லை. அன்று பாடியவர் குரலும், அன்று இசைத்தவர் விரலுமே இன்றும் நம் செவிக்கு வருவன. மாறுவது அவற்றின் கலப்பு ஒன்றே.

அது எங்ஙனம் எனின், கூறுவோம். ஒலிப்பதிவு நிலையத்தில் ஓர் அகன்ற காந்த நாடாவின்மேல் பல தடங்கள் இணையாக ஓடும். ஒரு தடத்தில் குரல், மற்றொன்றில் கிதார், இன்னொன்றில் டிரம்ஸ் என ஒவ்வொன்றும் தனித்தனியே பதியப்படும். பின்னர் இவற்றுள் எது ஓங்க வேண்டும், எது அடங்க வேண்டும், எது இடப்பக்கம் நிற்க வேண்டும், எது வலப்பக்கம் நிற்க வேண்டும் என்று வகுத்து, எல்லாவற்றையும் இரண்டே தடங்களாகச் சேர்ப்பர். இச்செயலே கலவை, அதன் விளைவே நாம் கேட்கும் இசைத்தட்டு. அவ்விருதட நாடாவைத் தூய்மை செய்து மறுபடியும் வெளியிடுதல் 'ரீமாஸ்டர்' எனப்படும். அவ்விருதட நாடாவை ஒருபுறம் வைத்துவிட்டு, முதலிற் பதிந்த பல்தட நாடாவிற்கே திரும்பிச் சென்று, எல்லாவற்றையும் புதிதாக நிறுத்துச் சேர்த்தலே 'ரீமிக்ஸ்' என்னும் மறுகலவையாம். முன்னையது சுவரை வெள்ளையடித்தல் போல்வது. பின்னையது கல்லைப் பிரித்து மீண்டும் அடுக்குதல் போல்வது. ஆதலின் பின்னையதற்கு அச்சமும் மிகுதி, பொறுப்பும் மிகுதி.

இனி, அவ்விசைத்தட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கிதார் வாசித்த ராபர்ட் பிரிப், டிரம்ஸ் முழக்கிய மைக்கேல் ஜைல்ஸ், குழற்கருவிகளும் விசைப்பலகையும் கையாண்ட இயன் மெக்டொனால்ட், பேஸ் கிதார் வாசித்துப் பாடிய கிரெக் லேக், பாடல்களை எழுதிய பீட்டர் ஸின்பீல்ட் ஆகிய ஐவரே அக்குழுவினர். 1969-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், லண்டன் மாநகரின் ஹைடு பூங்காவில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் நடத்திய பெருங்கச்சேரியில் இவ்விளைஞர் முன்னர் வாசித்துப் பெயர்பெற்றனர். அவ்வாண்டிலேயே லண்டனிலுள்ள வெஸ்ஸெக்ஸ் ஒலிப்பதிவு நிலையத்தில், பிறர் மேற்பார்வையின்றித் தாமே பொறுப்பேற்று, எட்டுத் தட நாடாவில் ஐந்து பாடல்களைப் பதிந்தனர். அந்நிலையம் முன்னர் ஒரு திருச்சபையின் கூடமாக இருந்தது என்பது நம்போன்றார்க்குச் சுவை தரும் செய்தியாகும். இசைத்தட்டு இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் ஐந்தாம் இடத்தையும், அமெரிக்காவில் இருபத்தெட்டாம் இடத்தையும் எய்தியது. ஆயினும் அவ்வாண்டின் இறுதியிலேயே ஜைல்ஸும் மெக்டொனால்டும் பிரிந்து சென்றனர். அவ்வைவரும் சேர்ந்து செய்த முழு இசைத்தட்டு இஃதொன்றே.

பின்னாளில் 'புராகிரஸிவ் ராக்' என வழங்கலாயிற்றே, அவ்வகை இசைக்கு இஃது ஒரு தலைவாயில் என்று அறிஞர் பலர் கருதுவர். மூன்று நிமிடத்தில் முடியும் காதற்பாட்டோடு நில்லாது, மேனாட்டுச் செவ்விசையின் விரிவையும், ஜாஸ் இசையின் துணிவையும், நாட்டுப்பாடலின் மென்மையையும் ஒருங்கே ராக் இசையிற் கொணர முயன்றது அது. வியட்நாம் போரின் கொடுமையைச் சினந்து முழங்கும் முதற்பாட்டும், அதனையடுத்துப் புல்லாங்குழலோடு மெல்ல வரும் இரண்டாம் பாட்டும் அருகருகே நிற்பதே இதன் தன்மையைக் காட்டும். இவ்விசைத்தட்டுக்குப் பெருமிதம் தரும் கருவி மெல்லோட்ரான் என்பது. அதன் ஒவ்வொரு கட்டையின் கீழும், வயலின் முதலியவற்றின் ஒலி பதிந்த ஒரு நாடாத்துண்டு உண்டு. கட்டையை அழுத்தினால் நாடா ஏறக்குறைய எட்டு நொடி ஓடும், பின்பு நின்றுவிடும். பதிவு செய்த ஒலியையே வாத்தியமாகக் கொண்டு இயற்றப்பட்ட இசையைப் பற்றி, 'பதிவிற் கைவைத்தல் பாவம்' என்று ஒரேயடியாகக் கூறுதல் அத்துணைப் பொருத்தமன்று என்பதை வாசகர் நினைவிற் கொள்வாராக.

நிற்க. இவ்விசைத்தட்டு மக்கள் செவியை அடைந்த வழியோ இடர்ப்பாடுகள் பல உடையது. எட்டுத் தடங்களும் நிரம்பியபின் மேலும் வாத்தியங்களைச் சேர்க்க வேண்டின், முன்பதிந்தவற்றை ஒன்றாக்கி வேறொரு நாடாவிற்கு மாற்றுவதே அக்கால வழக்கம். நாடாவிலிருந்து நாடாவிற்கு மாறுந்தோறும் இரைச்சல் ஏறும், தெளிவு குறையும். அதற்குமேல் மற்றொரு தீங்கும் நேர்ந்தது. இறுதிக் கலவையைப் பதிந்த இயந்திரத்தின் பதிவுமுனை சற்றே பிசகி நின்றமையால், உயர்ந்த ஒலிகள் மழுங்கின. வேண்டாத கரகரப்பும் புகுந்தது. அதனைத் திருத்துதற் பொருட்டு ஒரு படி எடுத்தனர். அப்படியே நெடுங்காலம் மறுபதிப்புகட்கு ஆதாரமாயிற்று. முதல் நாடா எங்கோ அடுக்கில் மறைந்து, தொலைந்ததென்றே கருதப்பட்டது. அது மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, அதன் வழியே சீரிய பதிப்பொன்று வெளிவந்தது 2004-ஆம் ஆண்டிலேதான். ஆக, 'நாங்கள் இளமையிற் கேட்ட அதே ஒலி' என்று முதியோர் சிலர் போற்றும் ஒலி, உண்மையில் ஆசிரியர் கருதிய ஒலியன்று. ஒரு படியின் ஒலியேயாம்.

2009-ஆம் ஆண்டில், நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி மறுகலவை வெளியாயிற்று. அதனைச் செய்தவர் 'பார்க்குபைன் டிரீ' என்னும் குழுவின் தலைவராகிய ஸ்டீவன் வில்ஸன் என்பார். இவர் பிறந்தது 1967-ஆம் ஆண்டு நவம்பரில். எனவே இசைத்தட்டு முதலில் வெளிவந்தபொழுது இவர்க்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை. ஆயினும் இவ்விசையையே உண்டு வளர்ந்தவர் என்னலாம். ஜெத்ரோ டல், எஸ், ஜென்டில் ஜெயண்ட் முதலிய குழுக்களின் பழைய படைப்புகளையும் இவரே மறுகலவை செய்துள்ளார். இவர் மேற்கொள்ளும் முறை பாராட்டத்தக்கது. பல்தட நாடாவைக் கணிப்பொறியில் ஏற்றியபின், முதலில் பழைய கலவையை அருகே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நொடியும் எந்த வாத்தியம் எங்கே நின்றது, எத்துணை ஓங்கியது, எப்பொழுது மறைந்தது என்று கேட்டுக்கேட்டு, அதனையே மீண்டும் அமைக்க முயல்வார். அவ்வாறு அமைத்தபின்னரே தெளிவுக்கு இடம் தேடுவார். அவ்வேலையிற் குழுவின் தலைவராகிய பிரிப்பும் உடனிருந்து கருத்துரைத்தார்.

மறுகலவையை மறுப்போர் கூறும் காரணங்களை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. அவர் கூறுவது யாதெனின்: ஓர் இசைத்தட்டு என்பது பாட்டும் வாத்தியமும் மட்டுமன்று, அவை கலந்த கலப்பும் அதன் உறுப்பேயாம். எட்டே தடங்கள் என்னும் வறுமையும், விரைந்து முடிக்கவேண்டும் என்னும் நெருக்கமும் அப்படைப்பின் உருவிற் கலந்துள்ளன. அன்று இருபது வயது இளைஞர் செய்த முடிவுகளை, நாற்பதாண்டு கழித்து முதிர்ந்த ஒருவர் திருத்துவது, அவ்விளமையையே திருத்துவதாகும். மேலும், செய்தவர் மறைந்தபின் அவர் இசைவை எங்கே பெறுவது? கிரெக் லேக் 2016-ஆம் ஆண்டிலும், மெக்டொனால்ட் 2022-ஆம் ஆண்டிலும், ஸின்பீல்ட் 2024-ஆம் ஆண்டிலும் காலமாயினர். 2019-ஆம் ஆண்டில், ஐம்பதாம் ஆண்டையொட்டி வில்ஸன் மீண்டுமொரு கலவை செய்தபொழுது, தம் குரல் எவ்வாறு ஒலிக்கவேண்டும் என்று கூற லேக் இல்லை. இவ்வாறு அவர் உரைப்பர்.

இவ்வுரையில் உண்மையுண்டு. ஆயினும் அது முழுதுண்மையன்று என்பது நம் துணிபு. படைப்பிலே ஆசிரியர் வேண்டுமென்றே இட்டது ஒன்று. அவர் வேண்டாமலே வந்து படிந்தது மற்றொன்று. இவ்விரண்டையும் வேறுபிரித்து உணர்தலே மறுகலவை செய்வானுக்குரிய முதற்கல்வி. இதே இசைத்தட்டில் இதற்கு நல்ல சான்று உள்ளது. முதற்பாட்டில் லேக்கின் குரல் உடைந்து, கிழிந்து, இயந்திரத்தினுள் நின்று அலறுவது போல ஒலிக்கின்றது. போரின் கொடுமையைக் கூறும் பாட்டிற்கு அக்கிழிசல் வேண்டுமென்றே செய்யப்பட்டது. பதிவுமுனை பிசகியதால் நேர்ந்த கரகரப்போ யாரும் வேண்டாதது. கேட்கும் செவிக்கு இரண்டும் 'கரகரப்பு' என்னும் ஒரே பெயருடையனவாகத் தோன்றலாம். அறிவிலான் ஒருவன் இரண்டையும் துடைப்பான். அஞ்சுவான் ஒருவன் இரண்டையும் விட்டுவைப்பான். வில்ஸன் முன்னதை விட்டுப் பின்னதை நீக்கினார். ஆசிரியர் கருத்திற்கு இதனினும் சிறந்த பணிவு யாது?

இதற்குத் துணையாக மற்றொரு சான்றும் காட்டுவோம். ஜெத்ரோ டல் குழுவினரின் 'ஆக்வாலங்' என்னும் இசைத்தட்டு 1971-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்தது. மதத்தின் பெயரால் நிறுவனங்கள் கடவுளைத் தம் பெட்டியில் அடைத்து வைப்பதைக் கண்டித்துப் பாடும் பாடல்கள் அதன் இரண்டாம் பக்கத்தில் உள்ளன. நம்பிக்கையுடையாரும் அமர்ந்து கேட்டுத் தம்மை வினவிக்கொள்ளத் தக்கவை அவை. அதுவும் முன்னர் வழிபாட்டிடமாக இருந்து, அப்பொழுதுதான் ஒலிப்பதிவு நிலையமாக மாற்றப்பட்ட லண்டன் கட்டடமொன்றிலேயே பதியப்பட்டது. புதுநிலையமாதலின் ஒலி சரிவர அமையவில்லை; குழுத்தலைவர் இயன் ஆண்டர்ஸனே அதனைக் குறைகூறியுள்ளார். பாட்டுகள் பெரும்புகழ் பெற்றும், மங்கலான ஒலி என்னும் குறைபாடு நாற்பதாண்டு அதனைத் தொடர்ந்தது. 2011-ஆம் ஆண்டு வில்ஸன் செய்த மறுகலவையில், மூடுபனி விலகியது போலக் கிதாரும், புல்லாங்குழலும், குரலும் தத்தம் இடத்தில் நின்று விளங்கின. இதனைத் தீங்கென்று கூற நமக்கு மனம் வரவில்லை.

இசை வரலாற்றில் இது புதியதுமன்று. நம் கல்லூரிப் பாடகர் குழுவினர் நன்கறிந்த ஹாண்டலின் 'மெசியா' முதன்முதல் 1742-ஆம் ஆண்டு டப்ளின் நகரில் அரங்கேறியது. ஹாண்டல் 1759-ஆம் ஆண்டு மறைந்தார். அதற்கு முப்பதாண்டின்பின், 1789-ஆம் ஆண்டில், வியன்னா நகரத்தார்க்காக மோட்ஸார்ட் அதனை எடுத்து, கிளாரினெட், கொம்பு முதலிய கருவிகளைச் சேர்த்து, ஜெர்மானிய மொழியில் அமைத்துக் கொடுத்தார். பாகின் 'மத்தேயு பாடுகளின் இசை'யை 1829-ஆம் ஆண்டு பெர்லினில் மெண்டல்ஸான் மீண்டும் அரங்கேற்றியபொழுது அவருக்கு வயது இருபதே. அவர் பல பகுதிகளைக் குறைத்தே நடத்தினார். ஆயினும் அந்நிகழ்ச்சியாலேயே பாகின் பேரிசை உலகின் நினைவிற்கு மீண்டது. இவ்விருவர் செய்கையையும் இன்று நாம் பழிப்பதில்லை. ஏன்? ஹாண்டலின் கையெழுத்தும், பாகின் கையெழுத்தும் அழியாதிருந்தன, வேண்டுவோர் மூலத்திற்குத் திரும்ப வழி இருந்தது, திரும்பியும் வந்தனர். மூலம் இருக்க உரை எழுதினால் அது தொண்டு. மூலத்தை எரித்து உரை எழுதினால் அது கொலை.

ஓவியத்தில் இவ்வசதி இல்லை. மிக்கேலாஞ்செலோ 1508 முதல் 1512 வரை ரோமாபுரியின் சிஸ்டைன் ஆலய விதானத்தில் தீட்டிய ஓவியங்களை, அவ்வாலயத்தின் பிற ஓவியங்களோடு 1980 முதல் 1994 வரை கழுவித் தூய்மை செய்தனர். புகைப்படலம் நீங்கி வண்ணங்கள் பொலிந்தன. அதே வேளையில், ஓவியர் கடைசியில் இட்ட நுண்ணிய நிழல்களும் உடன் போயினவோ என்று சில அறிஞர் வருந்தினர். அவ்வாறு போயிருப்பின் அவற்றை மீட்க வழியே இல்லை. இசைத்தட்டின் நிலையோ வேறு. வில்ஸன் எத்தனை முறை கலந்தாலும் 1969-ஆம் ஆண்டின் நாடா தேய்வதில்லை. பழைய கலவையும் அழிவதில்லை. இவ்வொரு காரணத்தாலேயே மறுகலவையை நாம் பெரிதும் ஆதரிக்கின்றோம். ஆனால் அக்காரணம் உண்மையாக நிலைபெற வேண்டுமாயின், வெளியிடுவோர் சில எல்லைகளை மீறலாகாது. அவ்வெல்லைகள் மீறப்படுவதையும் நாம் காண்கின்றோம்.

முதலாவது, குறைத்தல். நாம் புகழ்ந்த 2009-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இக்குறை உண்டு. 'மூன்சைல்ட்' என்னும் நான்காம் பாட்டு மூலத்தில் பன்னிரண்டு நிமிடத்திற்குச் சற்று மேற்பட்டது. சிறிது பாடியபின், கிதாரும் மணியொலிக்கருவியும் டிரம்ஸும் ஒன்றையொன்று தேடி, மிக மெல்லிய ஒலியில், முன்னேற்பாடின்றி உரையாடிக்கொள்ளும் பகுதி அதில் நீண்டு செல்லும். புதுக்கலவையில் அஃது ஏறத்தாழ ஒன்பது நிமிடமாக வெட்டப்பட்டது. முழுவடிவம் அதே தகட்டின் இறுதியில் தனியே சேர்க்கப்பட்டுள்ளது உண்மையே. குழுத்தலைவரின் உடன்பாடும் இருந்தது. ஆயினும் நாம் இதனை ஒப்பவில்லை. அப்பகுதி பலர்க்குச் சலிப்பூட்டுவது என்பதை அறிவோம். ஐந்து இளைஞர் தம் முதற்படைப்பிலேயே, விற்பனையைப் பாராது, அமைதிக்கு இத்துணை இடம் கொடுத்தனர் என்பதும் அப்படைப்பின் வரலாறன்றோ? இக்காலத்தார்க்குப் பொறுமை குறைவு என்று கருதி அதனைச் சுருக்குவது, கேட்போரை உயர்த்துவதாகாது. செப்பம் செய்வோன் தூசியைத் துடைக்கலாம், அறையை இடிக்கலாகாது.

இரண்டாவது, ஆளை மாற்றுதல். பிராங்க் ஸாப்பா என்னும் அமெரிக்க இசைஞர் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டு இசைத்தட்டுகளை, 1980-களில் மறுபதிப்புச் செய்தபொழுது, பழைய பேஸ் கிதாரையும் டிரம்ஸையும் நீக்கி, வேறு இசைஞரைக் கொண்டு புதிதாக வாசிக்கச் செய்தார். ஆசிரியரே செய்தும் அன்பர்கள் அதனை ஏற்றிலர். அவற்றுள் ஒன்று 1995-ஆம் ஆண்டு பழைய வடிவிலேயே மீண்டும் வெளிவந்தது. ஆஸி ஆஸ்பர்ன் என்பாரின் 1980, 1981-ஆம் ஆண்டு இசைத்தட்டுகள் 2002-ஆம் ஆண்டு வெளியானபொழுது, பாப் டெய்ஸ்லி, லீ கெர்ஸ்லேக் ஆகிய இருவர் வாசித்த பகுதிகள் அகற்றப்பட்டு, வேறிருவர் வாசிப்பு அவ்விடத்தில் வைக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டுப் பதிப்பிலே பழைய வாசிப்பு மீண்டது. இங்கே எழுவது செவியின்பம் பற்றிய வினா மட்டுமன்று, நீதி பற்றிய வினாவுமாகும். ஒருவர் தம் கையால் உழைத்த உழைப்பை, அவர் பெயர் நினைக்கப்படும் ஒரே இடத்தினின்றும் துடைத்தெறிதற்கு எவருக்கும் உரிமையில்லை.

மூன்றாவது, உரத்துக் கூவுதல். இக்காலத்து இசைப்பதிப்புகள் பல, மெல்லிய ஒலியையும் வல்லொலியாக உயர்த்தி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் நிறுத்துகின்றன. பேருந்திலும் தெருவிலும் ஹெட்போனிற் கேட்பார்க்கு எளிதாகும் என்பது இதற்குக் கூறும் காரணம். 2008-ஆம் ஆண்டு மெட்டாலிக்கா குழுவினரின் 'டெத் மேக்னெடிக்' இவ்வாறு மிகைப்பட வெளிவந்தபொழுது, அதனை மீண்டும் கலந்து தருமாறு அன்பர் ஆயிரக்கணக்கில் ஒப்பமிட்டு விண்ணப்பித்தனர். கிங் கிரிம்ஸன் போன்றாரின் இசைக்கு இத்தீங்கு நஞ்சாகும். ஓங்குதலும் ஒடுங்குதலுமே அதன் உயிர். புல்லாங்குழல் மெல்லென ஒலித்தாலன்றி, பின்வரும் மெல்லோட்ரானின் பேரலை அலையாகத் தோன்றாது. மலையையும் பள்ளத்தையும் சமன் செய்துவிட்டு, 'பாதை எளிதாயிற்று' என்று மகிழ்தல் பேதைமை.

நான்காவது, பழையதை மறைத்தல். இதுவே எல்லாவற்றினும் பெருந்தீங்கு என்பது நம் கருத்து. 2007, 2008-ஆம் ஆண்டுகளில் ஜெனஸிஸ் குழுவினரின் இசைத்தட்டுகள் நிக் டேவிஸ் என்பாரால் மறுகலவை செய்யப்பட்டுப் பெட்டிகளாக வெளிவந்தன. அப்பெட்டிகளிற் புதுக்கலவையே இடம்பெற்றது; பழைய கலவை உடன் வைக்கப்படவில்லை. இன்று இணையவழியே இசை கேட்கும் மாணவன் ஒருவன், ஒரு பாட்டின் பெயரை இட்டுத் தேடினால், முதலில் எது வருகின்றதோ அதனையே கேட்பான். அது 1973-ஆம் ஆண்டின் கலவையா, பிற்காலத்துக் கலவையா என்று அவனுக்கு எடுத்துரைப்பார் இல்லை. ஆண்டு பழையது, ஒலி புதியது என்னும் நிலையில், வரலாறு அறியாமலே திரிந்துவிடுகின்றது. பழைய நாடா நிலவறையில் நலமே உள்ளதென்று கூறுவது போதாது. மக்கள் கைக்கு எட்டாத மூலம், இல்லாத மூலத்தினின்றும் அதிகம் வேறுபட்டதன்று.

இதனோடு விலையையும் ஒருங்கே எண்ண வேண்டும். 2020-ஆம் ஆண்டில் கிங் கிரிம்ஸன் குழுவினரின் 1969-ஆம் ஆண்டுப் பதிவுகள் யாவும், இருபத்தாறு தகடுகள் கொண்ட ஒரு பெட்டியாக வெளியிடப்பட்டன. ஆராய்வார்க்கு அஃது ஒரு களஞ்சியம் என்பதில் ஐயமில்லை. ஒலிப்பதிவின்போது நடந்த முயற்சிகளும், கைவிட்ட வடிவங்களும் அதிற் காணலாம். ஆனால் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவன் அதனை விலைகொடுத்து வாங்குதல் எங்ஙனம் கூடும்? 'இக்காலத்துக் கேட்போர்க்காக' என்று விளம்பரஞ் செய்து, முன்பே மும்முறை வாங்கிய முதியோர்க்கே நான்காம் முறையும் விற்பது, கலைத்தொண்டினும் வாணிகத்தையே மிகுதியும் ஒத்துள்ளது. இரண்டே தகடுகளில் பழைய கலவையையும் புதுக்கலவையையும் சேர்த்து எளிய விலைக்குத் தரும் பதிப்பே இளைஞர்க்கு உண்மையில் உதவுவது.

இக்குறைகளைக் கூறினோமெனினும், மறுகலவையால் இளைஞர் அடையும் நன்மையை மறைத்தல் நேர்மையாகாது. அரை நூற்றாண்டுக்கு முந்திய ஒலியை முதன்முதற் கேட்கும் இளைஞன், அதன் மங்கலையே அதன் தன்மையென்று கருதி, 'பழங்காலத்து ஓசை' என்று தள்ளிவிடுகின்றான். தெளிந்த கலவையில் அவன் ஜைல்ஸின் டிரம்ஸ் எத்துணை நுண்ணியது என்று முதன்முறையாக உணர்கின்றான். ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு தாழொலிப்பெருக்கியும் நாற்புறமும் சூழ வைத்துக் கேட்கும் முறையில், ஒரு குரலுக்குப் பின்னே மற்றொரு குரல் நிற்பதைக் காண்கின்றான். இசை பயில்வார்க்கு இஃது ஒரு பாடசாலை. அவ்வியப்பினால் உந்தப்பட்டு அவன் பழைய கலவையையும் தேடிக் கேட்பானாயின், மறுகலவை தன் கடமையை நிறைவேற்றியதாகும்.

ஆகவே நம் முடிபுகளைத் தொகுத்துரைப்போம். மறுகலவை செய்தல் தகும். அதனால் நன்மையே மிகுதி. ஆயினும், பழைய கலவை புதியதோடு ஒரே உறையில் இருத்தல் வேண்டும். பாட்டின் எப்பகுதியும் வெட்டப்படலாகாது. எந்த இசைஞரின் வாசிப்பும் நீக்கப்படலாகாது. ஒலியின் ஏற்ற இறக்கம் காக்கப்படல் வேண்டும். யார், எந்த ஆண்டில், எந்த நாடாவைக் கொண்டு, என்ன மாற்றம் செய்தார் என்பது உறையின் மேலும், இணையவழிச் சேவையிலும் தெளிவாக எழுதப்படல் வேண்டும். எளியோர் வாங்கத்தக்க பதிப்பொன்றும் உடன் வெளிவரல் வேண்டும். இவற்றுள் எதுவும் செய்தற்கரியதன்று; பல பதிப்புகளில் இவற்றுட் பல இப்பொழுதே செய்யப்பட்டும் உள்ளன.

நம் மாணவ நண்பர்க்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். கிங் கிரிம்ஸன் குழுவினரின் இவ்விசைத்தட்டை இதுவரை கேளாதார், முதலில் பழைய கலவையை, நாற்பத்து நான்கு நிமிடமும், இடையில் நிறுத்தாது கேட்பாராக. சில நாள் சென்றபின் புதுக்கலவையைக் கேட்பாராக. எது மேலானது என்று உடனே தீர்ப்புக் கூற முற்படாது, எது மாறியது, ஏன் மாறியது என்று குறித்துக்கொள்வாராக. இன்று கைப்பேசியிலேயே பாட்டைப் பதிந்து, வெட்டி, ஒட்டிப் பிறர்க்கு அனுப்பும் ஆற்றல் நம்முள் பலரிடம் உள்ளது. நாளை நம்முட் சிலர் பிறர் பதிவுகளையும், பிறர் நூல்களையும் காக்கும் பொறுப்பை ஏற்கக்கூடும். அப்பொழுது, முதற்பதிவை வேறாக எடுத்துவைத்த பின்னரே திருத்தத் தொடங்குதல் என்னும் வழக்கத்தை, இக்கல்லூரியில் இருக்கும்போதே அவர்கள் பழகிக்கொள்வார்களாயின் நாம் பெரிதும் மகிழ்வோம்.